பாலும் சீனியும் சேராத சாக்லெட்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பண்டத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர், அதன் உறையின்மேல் அச்சிடப்பட்டிருப்பதை மட்டும் படித்து நிறைவடைதல் ஆகாது. கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் முதலிய நகரங்களின் பெருங்கடைகளில் இன்று ஒருவகைச் சாக்லெட் பண்டங்கள் தனித்தட்டில் அடுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். 'பால் சேராதது', 'வெள்ளைச் சீனி சேராதது', 'வறுக்காத பச்சைக் கொக்கோவால் ஆனது' என்னும் மூன்று தொடர்கள் அவற்றின் உறைகளை அணிசெய்கின்றன. விலையும் மற்ற சாக்லெட்டுகளைவிட மிகுதி. உடல்நலம் பேணுவோருக்கெனப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பண்டம் இது என்றே வாங்குவோர் பலரும் எண்ணுகின்றனர்.

இம்மூன்று கூற்றுகளையும் வரலாறு என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முன்னவை இரண்டும் புதுமையல்ல. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையின் மறுபிறப்பே. மூன்றாவது கூற்றுக்கோ அப்பழமையில் வேரில்லை. உரைத்துப் பார்க்கும் போக்கில், எந்த உறையிலும் அச்சிடப்படாத நான்காவது சேர்மானம் ஒன்றும் நம் கண்ணுக்குப் புலப்படும். அது மனித உழைப்பு. அவ்வுழைப்பில் நம் முன்னோரின் பங்கும் உண்டு என்பதனால், இவ்வரலாறு தமிழ் மாணவர்க்கு அயலார் கதையன்று.

கொக்கோவின் தாயகம்

கொக்கோ மரம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுத் தலைப்பகுதிக் காடுகளுக்கு உரியது. ஈக்குவடோர் நாட்டின் தென்கிழக்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட மட்பாண்டங்களில் ஒட்டியிருந்த எச்சங்களை ஆராய்ந்த அறிஞர்கள், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ளோர் கொக்கோவைப் பயன்படுத்தினர் என்று 2018-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அங்கிருந்து வடக்கே பரவிய இம்மரம், இன்றைய மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளில் பெருஞ்சிறப்பு எய்தியது. குவாத்தமாலாவின் ரியோ அசுல் என்னுமிடத்தில் 1984-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கல்லறை ஒன்றில், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த மூடியுடைய குடுவை ஒன்று கிடைத்தது. அதன்மேல் மாயா எழுத்தில் 'ககாவ்' என்ற சொல் தீட்டப்பட்டிருந்தது. உள்ளே படிந்திருந்த கசடும் கொக்கோவே என வேதியியல் சோதனை உறுதி செய்தது.

மாயா மக்களும் அவர்களுக்குப் பின்வந்த அஸ்தெக்கு மக்களும் கொக்கோவைக் கடித்துத் தின்றவர்கள் அல்லர், கரைத்துக் குடித்தவர்கள். கொட்டையைப் புளிக்க வைத்து, உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி, கல்லில் அரைத்து, நீரில் கலப்பர். சோளமாவு, மிளகாய், வனிலா, நிறமூட்டும் சாப்பிரா விதை ஆகியவற்றைச் சேர்ப்பதுண்டு. இனிப்பு வேண்டின் தேன் கலப்பர். பின்னர் ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு உயரத் தூக்கி ஊற்றி நுரை எழுப்புவர். நம் ஊர்க் கடைகளில் தே தாரிக் ஆற்றுவதைக் கண்ட மாணவர்க்கு இக்காட்சியை விளக்கத் தேவையில்லை. பழைய மாயா பூங்கலன் ஒன்றில் ஒரு பெண் நின்றவாறு இவ்வாறே ஊற்றுவது ஓவியமாகவே தீட்டப்பட்டிருக்கிறது.

கொக்கோக் கொட்டை அம்மக்களுக்குப் பானம் மட்டுமன்று, பணமுமாகும். மெக்சிகோவின் திலாக்ஸ்கலா நகரில் 1545-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட விலைப்பட்டியல் ஒன்று, நல்ல வான்கோழிப் பேடு ஒன்றுக்கு 100 கொட்டைகள் என்றும், வான்கோழி முட்டை ஒன்றுக்கு 3 கொட்டைகள் என்றும் குறிக்கிறது. அஸ்தெக்குப் பேரரசில் கொக்கோவைப் பருகுதல் பெரும்பாலும் அரசருக்கும் பிரபுக்களுக்கும் போர்மறவர்க்கும் வணிகர்க்கும் உரிய சிறப்பாக விளங்கியது. காசைக் கரைத்துக் குடிக்கும் வசதி எளியவனுக்கு ஏது?

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். அப்பானத்தில் பால் இல்லை. கரும்புச் சீனியும் இல்லை. அவர்கள் உடல்நலம் கருதி அவற்றை விலக்கினர் என்று கொள்ளுதல் தவறு. அமெரிக்கக் கண்டத்தில் அக்காலத்தே பசுவும் இல்லை, கரும்பும் இல்லை. இல்லாத ஒன்றை விலக்குதல் எவ்வாறு?

பசுவும் கரும்பும் ஏறிச்சென்ற கப்பல்கள்

அவ்விரண்டும் ஒரே பயணத்தில் சென்று சேர்ந்தன என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. கொலம்பஸ் 1493-ஆம் ஆண்டில் தம் இரண்டாம் பயணத்தை மேற்கொண்டபோது, அவருடைய கப்பல்களில் மாடுகளும் ஏற்றப்பட்டன; கரும்புக் கரணைகளும் ஏற்றப்பட்டன. இரண்டும் ஹிஸ்பானியோலா தீவில் இறங்கின. சாக்லெட் பிற்காலத்தில் அடையவிருந்த மாற்றத்திற்கான விதை அன்றே ஊன்றப்பட்டுவிட்டது எனலாம். ஆனால் அக்கப்பல்களில் சென்றவர் எவரும் அதுவரை கொக்கோவைக் கண்டதில்லை. 1502-ஆம் ஆண்டில், நான்காம் பயணத்தின்போது, ஹொண்டுராஸ் கடலோரத் தீவு ஒன்றின் அருகே வணிகப் படகொன்றில் அக்கொட்டைகளைக் கொலம்பஸ் குழுவினர் பார்த்தனர். அவற்றை ஒருவகை வாதுமை என்றே எண்ணினர். சிந்திய கொட்டையை அப்படகினர் கண்ணையே இழந்தவர்போல் குனிந்து பொறுக்கியது அவர்களுக்கு வியப்பூட்டியதாம்.

1521-ஆம் ஆண்டில் அஸ்தெக்குத் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் முதலில் இக்கசப்புப் பானத்தை விரும்பவில்லை. நாளடைவில் மிளகாய்க்குப் பதிலாக இலவங்கப்பட்டையும் தேனுக்குப் பதிலாகச் சீனியும் கலந்து, சூடாக்கிப் பருகப் பழகினர். 1585-ஆம் ஆண்டில் வெராகுரூஸ் துறைமுகத்திலிருந்து செவில் நகருக்கு வணிகச் சரக்காகவே கொக்கோ அனுப்பப்பட்டது. 1657-ஆம் ஆண்டில் இலண்டனில் சாக்லெட் விற்கும் கடை திறக்கப்பட்டது. கசப்பு நீர் ஐரோப்பாவின் இனிப்பு நீராயிற்று.

கரும்பு தின்னக் கூலியா?

'கரும்பு தின்னக் கூலியா?' என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. கரும்பு தின்பதற்குக் கூலி வேண்டியதில்லை. ஆனால் கரும்பு வெட்டுவதற்குக் கூலியும் கொடாமல் மனிதரை அடிமையாக்கிய காலம் ஒன்று இருந்தது.

சர்க்கரை என்னும் சொல் வடமொழியில் மணற்பரலைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. கரும்புச்சாற்றைக் காய்ச்சி மணிமணியாக்கும் கலை இந்திய மண்ணில் வளர்ந்து, பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்கும், அங்கிருந்து மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் பரவியது. அதுவரை மருந்துப் பெட்டியிலும் அரசர் விருந்திலும் மட்டுமே இடம்பெற்றிருந்த சீனி, கரிபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் கரும்புத் தோட்டங்கள் எழுந்தபின் மலிவுச் சரக்காயிற்று. இங்கிலாந்தில் 1700-ஆம் ஆண்டளவில் ஒருவர் ஓராண்டில் உண்ட சீனி ஏறத்தாழ 4 இராத்தல்; 1800-ஆம் ஆண்டளவில் அது 18 இராத்தலாயிற்று. தேநீர், காப்பி, சாக்லெட் ஆகிய மூன்று கசப்புப் பானங்களும் அச்சீனியை விழுங்கும் வாய்களாயின.

இம்மலிவுக்கு விலை கொடுத்தவர் யார்? 1501 முதல் 1866 வரை ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 125 இலட்சம் மனிதர்கள் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். கரை சேர்ந்தோர் ஏறத்தாழ 107 இலட்சம் பேர். எஞ்சியோர் கடலில் மடிந்தனர். கரை சேர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கே அனுப்பப்பட்டனர்.

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834-ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. ஆயினும் கரும்பு ஒழியவில்லை, ஆலை நிற்கவில்லை. அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். அத்தேவைதான் இந்திய மக்களைக் கடல் கடத்தியது. கயானாவுக்கும் மொரிசியசுக்கும் நெட்டாலுக்கும் பிஜிக்கும் அவர்கள் சென்றனர். நம் நாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில், ஐரோப்பியத் துரைமார் கரும்புத் தோட்டங்களை அமைத்தனர். நிபோங் திபால் வட்டாரத்துச் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டவும் கரும்பு நடவும் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் கொண்டுவரப்பட்டனர். மலாயாவின் தோட்டத் தமிழர் என்றதும் நம் நினைவுக்கு வருவது பால்மரமே. ஆனால் பால்மரத்திற்கு முன்னரே கரும்பு நம்மவரின் வியர்வையைக் குடித்துவிட்டது. மலாயாவில் அவ்வொப்பந்த முறை 1910-ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. கரும்பு நின்ற நிலங்களில் பின்னர் பால்மரம் நின்றது.

ஆகவே, வெள்ளைச் சீனியின் வரலாறு உடல்நல வரலாறு மட்டுமன்று. கரண்டியில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அறியாமலேயே அதனைத் தொடுகின்றோம்.

ஆலைகளின் நூற்றாண்டு

பருகும் பொருளாக இருந்த சாக்லெட் கடித்துத் தின்னும் கட்டியானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். கொக்கோக் கொட்டையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அதனால் நீரில் கரைத்தால் எண்ணெய் மிதக்கும். 1828-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பத்தினர், அழுத்துப்பொறியால் அக்கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றனர். பிழிந்தபின் எஞ்சிய பிண்ணாக்கை அரைத்தால் கிடைப்பதே இன்று நாம் டப்பாவில் வாங்கும் கொக்கோத் தூள். பிழிந்தெடுத்த கொழுப்பே கொக்கோ வெண்ணெய்.

1847-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஃபிரை நிறுவனத்தார், அரைத்த கொக்கோவுடன் சீனியையும் கொக்கோ வெண்ணெயையும் சேர்த்து அச்சில் வார்த்துக் கட்டியாக்கினர். அதிலும் பால் இல்லை. பால் சேர்ந்தது 1875-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் வாழ்ந்த டேனியல் பீட்டர் என்பவரின் விடாமுயற்சியால். அவருடைய இடர்ப்பாடு மாணவர்க்கு நல்ல அறிவியல் பாடமாகும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். உருகிய சாக்லெட்டில் சிறிதளவு நீர் பட்டாலும் அது கட்டிதட்டிக் கரடுமுரடாகிவிடும். நீர் நீக்கிச் சுண்டவைத்த பாலைப் பயன்படுத்திய பின்னரே அவர் வெற்றி கண்டார். 1879-ஆம் ஆண்டில் பெர்ன் நகரின் ரோடால்ப் லிண்ட் என்பவர், சாக்லெட்டை நெடுநேரம் பிசைந்து வழவழப்பாக்கும் பொறியை அமைத்தார்.

இவ்வாறு ஐம்பத்தோர் ஆண்டுகளில், இன்று குழந்தைகள் அறிந்த சாக்லெட் உருவாயிற்று. பால் சாக்லெட் கட்டிகள் பலவற்றில் எடையில் பாதியளவு சீனியே இருக்கும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கொக்கோவின் பெயரால் உண்ணப்பட்டது கொக்கோ. நூற்றைம்பது ஆண்டுகளாக அப்பெயரால் உண்ணப்படுவதில் பெரும்பகுதி சீனியும் பாலும்.

கொக்கோவின் கறை

சீனியை நீக்கிவிட்டால் சாக்லெட் தூய்மையுற்றுவிடும் என்று எண்ணுவோரும் உளர். அவர்கள் அறிய வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவின் மேற்கே போர்த்துக்கீசியர் ஆண்ட சாவ் தோமே, பிரின்சிப்பே தீவுகளிலிருந்து கொக்கோ பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. அங்கு உழைத்தோர் பெயரளவில் ஒப்பந்தக் கூலிகள், உண்மையில் அடிமைகள். அங்கோலாவின் உள்நாட்டிலிருந்து அவர்கள் பிடித்துக் கொண்டுவரப்பட்ட கொடுமையை ஹென்றி நெவின்சன் என்னும் இதழாளர் 1906-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் காட்பரி நிறுவனம் அத்தீவுகளின் கொக்கோவை வாங்குவதை 1909-ஆம் ஆண்டில்தான் நிறுத்தியது. அதற்குமுன் அந்நிறுவனத்தைக் குறைகூறி எழுதிய நாளேட்டின்மீது தொடுக்கப்பட்ட மானநட்ட வழக்கில், அதே ஆண்டு இறுதியில் நிறுவனமே வென்றது. ஆனால் நடுவர் குழு வழங்கிய இழப்பீடு ஒரு ஃபார்த்திங்; அதாவது கால் பென்னி. தீர்ப்பைவிட அக்காசே உரக்கப் பேசிற்று.

பின்னர் மேற்கு ஆப்பிரிக்க நிலப்பகுதியில் கொக்கோ வேரூன்றியது. இன்று உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்தே வருகிறது. அங்குச் சிறுவர் உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை ஒழிப்பதாகப் பெருநிறுவனங்கள் 2001-ஆம் ஆண்டில் உடன்பாடு ஒன்றில் கையொப்பமிட்டன. குறித்த காலத்தில் அது நிறைவேறவில்லை. பாலும் சீனியும் சேராத கட்டி ஆயினும், அதன் கொக்கோ எவர் கையால் பறிக்கப்பட்டது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது.

நம் நாட்டில் கொக்கோ

மலேசிய மண்ணிலும் கொக்கோவுக்கு வரலாறு உண்டு. 1778-ஆம் ஆண்டிலேயே மலாக்காவில் கொக்கோ காணப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. வணிகப் பயிராக அது 1950-களில் திரங்கானுவின் ஜெராங்காவ் பகுதியில் நடப்பட்டது. 1970-களிலும் 1980-களிலும் சபாவின் தாவாவ் வட்டாரத்தில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. மேற்குக் கரையோரத் தென்னந்தோட்டங்களில் தென்னைக்கு ஊடே நிழற்பயிராகக் கொக்கோ நடப்பட்டது. 1990-ஆம் ஆண்டில் நாட்டின் விளைச்சல் ஏறத்தாழ 2,47,000 டன்னை எட்டி உச்சம் கண்டது.

எண்பதுகளில் கீழ்ப்பேராக்கின் தோட்டப்புறப் பள்ளிகளில் பயின்ற என் போன்றோருக்குக் கொக்கோ மரம் விளையாட்டுத் தோழன். அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கும் அதன் மஞ்சட் பழத்தைக் கல்லில் மோதி உடைத்து, உள்ளிருக்கும் வெண்சதையை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடுவோம். புளிப்பும் இனிப்பும் கலந்த சுவை அது. துப்பிய கொட்டைதான் சாக்லெட் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை. பாடநூலில் கொக்கோ ஓர் ஏற்றுமதிப் பொருள். கடையில் சாக்லெட் ஓர் இறக்குமதிப் பொருள். இரண்டுக்கும் இடையே நின்ற எங்கள் பெற்றோரின் கைகள் எந்நூலிலும் இல்லை.

அவ்வளம் நிலைக்கவில்லை. 1980-ஆம் ஆண்டில் சபாவில் தலைகாட்டிய காய்த்துளைப்பான் பூச்சி நாடெங்கும் பரவியது. விலை வீழ்ந்தது. செம்பனை மிகுந்த வருவாய் தந்தது. தோட்டங்கள் கொக்கோவை வெட்டிச் சாய்த்தன. 2020-ஆம் ஆண்டு முதல் நாட்டின் விளைச்சல் ஓராண்டுக்கு ஆயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. எனினும் வெளிநாட்டுக் கொட்டைகளை இறக்குமதி செய்து அரைக்கும் தொழிலில் மலேசியா இன்றும் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. நாம் வாங்கும் கொக்கோத் தூள் பெரும்பாலும் நம் நாட்டு ஆலையில் அரைபட்டது. ஆனால் நம் மண்ணில் விளைந்தது அன்று.

'வறுக்காதது' என்னும் கூற்று

இனி மூன்றாம் கூற்றுக்கு வருவோம். கொக்கோவைத் தீயில் காட்டாமல், குறிப்பிட்ட குறைந்த வெப்பத்திற்கு மேல் செல்லவிடாமல் உண்பதே முன்னோர் வழி என்று சிலர் பரப்புகின்றனர். அவர்கள் கூறும் எல்லை பெரும்பாலும் 42 முதல் 48 பாகை செல்சியஸ் வரை.

இதனை வரலாறும் ஏற்காது, வேளாண்மையும் ஏற்காது. மாயா, அஸ்தெக்கு மக்கள் கொட்டையை வறுத்தே அரைத்தனர் என்பதை மேலே கண்டோம். அன்றியும், பறித்த கொட்டையை வாழையிலையால் மூடியோ மரப்பெட்டியில் இட்டோ ஐந்தாறு நாள் புளிக்க வைத்தாலன்றிச் சாக்லெட்டின் மணம் பிறவாது. அப்புளிப்புக் குவியல் தன் வெப்பத்தாலேயே 45 முதல் 50 பாகை வரை சூடேறும். எனவே, அடுப்பைக் காணுமுன்னரே கொக்கோ அவ்வெல்லையைத் தொட்டுவிடுகிறது. தரையில் உலரும் கொட்டையில் நோய்க்கிருமிகள் ஒட்டுவது இயல்பு. அவற்றை அழிப்பதும் வறுத்தலின் பயன்களுள் ஒன்று. வறுப்பதால் கொக்கோவின் சில சத்துகள் ஓரளவு குறையும் என்பது உண்மையே. அதற்காகச் சிறுவர்க்குத் தரும் உணவில் தூய்மையைக் கைவிடலாகாது.

ஆகவே, வறுத்தரைத்த கொக்கோத் தூளைக் கொண்டே, அடுப்பேற்றாமல் இனிப்புச் செய்வது நேர்மையும் பாதுகாப்பும் உடைய வழியாகும்.

செய்து பார்க்க

வரலாற்றை நாவாலும் கற்பிக்கலாம். வகுப்பறையிலேயே செய்யத்தக்க இரண்டு பண்டங்களை இங்குக் குறிக்கிறேன். இவற்றுக்கு அடுப்பு வேண்டா.

முதலாவது, வெண்ணெய்ப்பழக் கூழ். வெண்ணெய்ப்பழமும் கொக்கோவைப் போலவே அமெரிக்க மண்ணுக்கு உரியது. அதன் கொழுப்பு பாலேட்டின் வழவழப்பைத் தரும். விதை நீக்கிய பேரீச்சம்பழம் பத்தினை வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்க. நன்கு கனிந்த வெண்ணெய்ப்பழம் இரண்டின் சதை, இனிப்புச் சேர்க்காத கொக்கோத் தூள் நான்கு மேசைக்கரண்டி, கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை, இலவங்கப்பட்டைத் தூள் சிறிது ஆகியவற்றுடன் சேர்த்து மைய அரைக்க. இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து அன்றே உண்க. பச்சைத் தேங்காய்ப்பால் விரைவில் புளித்துவிடும். அஸ்தெக்கு மக்களின் சுவையை அறிய விரும்பும் மாணவர், தம் பங்கில் மிளகாய்த்தூள் ஒரு துளி சேர்த்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, உருண்டை. ஊறவைக்காத மென்மையான பேரீச்சம்பழத்தைப் பிசைந்து, கொக்கோத் தூளும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, உலர்ந்த துருவலில் புரட்டி எடுத்தால் போதும். துருவல் முன்னரே உலர்த்தியதாயின் ஈரம் குறைந்து உருண்டை சில நாள் கெடாதிருக்கும்.

கட்டியாக வார்க்க விரும்புவோர் ஒன்றை நினைவிற்கொள்க. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே உருகிவிடும். நம் நாட்டு வெப்பத்தில் அதனால் ஆன கட்டி மேசைமேல் நில்லாது. கொக்கோ வெண்ணெய் உருகுவது ஏறத்தாழ 34 பாகையில். அதனால்தான் சாக்லெட் கையில் நின்று வாயில் கரைகிறது. டேனியல் பீட்டர் பட்ட பாடும் இங்கே பயன்படும்: உருக்கிய கொக்கோவில் தேங்காய்ப்பாலைச் சிறிதாகத் தெளித்தால் கட்டிதட்டும், கூழாக வேண்டின் தாராளமாகச் சேர்க்க வேண்டும், கட்டியாக வேண்டின் ஒரு துளி நீரும் படலாகாது.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். வெள்ளைச் சீனிக்குப் பதில் தேனோ குலா மெலாக்காவோ சேர்த்துவிட்டால், அளவின்றி உண்ணலாம் என்று பொருளில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், கட்டுப்படுத்த வேண்டிய இனிப்புகளின் வரிசையில் தேனும் பழச்சாறும் இடம்பெற்றுள்ளன. முழுப் பேரீச்சம்பழத்தில் நாருண்டு என்பது சிறப்பு; அதிலும் இனிப்பு மிகுதி என்பது உண்மை. மலேசியாவில் 2023-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வு, வயதுவந்தோருள் நூற்றுக்கு 15.6 பேருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு உண்டு எனக் கண்டது. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் வீடுகளை எண்ணிப் பார்த்தால், இவ்வெண் வெறும் எண்ணாக நில்லாது. இவ்வினிப்புகளை நான் பரிந்துரைப்பது அவை மருந்து என்பதனால் அன்று. இனிப்பைக் குறைத்தாலும் சுவை குறையாது என்பதைப் பிள்ளைகளின் நா அறியட்டும் என்பதனாலேயே.

நிறைவாக

பால் சேராதது என்னும் கூற்று வரலாற்றோடு ஒத்தது. சீனி சேராதது என்பதும் ஒத்ததே. பச்சையாக உண்பது முன்னோர் வழி என்பது ஒவ்வாதது. உரைகல் காட்டிய முடிவு இதுவாகும்.

ஆனால் ஆசிரியப் பெருமக்கள் இத்துடன் பாடத்தை முடித்துவிடலாகாது. ஒரு கொக்கோ உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருக்கும் மாணவனிடம், இதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று கேளுங்கள். கொக்கோ, பேரீச்சம்பழம், தேங்காய் என்பான். அக்கொக்கோ எங்கு விளைந்தது, அதனைப் பறித்தவர் யார், அவர் பெற்ற கூலி என்ன என்று அடுத்துக் கேளுங்கள். அவன் உடனே விடை கூறாமல் இருக்கலாம். வீட்டிற்குச் சென்று தன் பாட்டியிடம், 'நீங்கள் தோட்டத்தில் என்ன பறித்தீர்கள்?' என்று அவன் கேட்பானாயின், வரலாற்றுப் பாடம் அவ்வீட்டு அடுக்களையில் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அப்பாட்டிமார் இன்னும் சில ஆண்டுகளே நம்மிடையே இருப்பர். கேட்க வேண்டியதை இப்போதே கேட்டு எழுதிவைத்தல் நம் கடமை.